வெடி இல்லாத சத்தம்

மல்லாவிச் சந்தி தாண்டக் கழன்றது பின்குழாய்.
நான் கவனிக்கவில்லை.
உழவு மெசின்காரன் ஒருவன் துரத்திவந்து
சூடு ஆறாத அதைச் சாக்கில் பிடித்தபடி
"அக்கா, உங்கட வால்" என்றான்.

மொறிஸ் மைனர் வான், அறுபத்தாறாம் ஆண்டு.
மண்ணெண்ணெய் குடித்து ஓடிய காலமும் அதற்கு உண்டு.
இப்போது பெற்றோல். பின்னால் ஐஸ், தராசு,
வவுனிக்குளத்து மீன்.

பிறேமகாந்தன் கீழே படுத்துத்
திருப்புளியால் சைலன்சரைத் தட்டினான்.
திருப்புளி உள்ளே போய்விட்டது.
"வெளியில துரு இல்லையக்கா, உள்ளாலதான் தின்டிருக்கு.
கிட்டக்கிட்ட ஓடி நிப்பாட்டுறீங்கள்.
புகையில வாற தண்ணி காயிறதுக்கு நேரமில்லை.
பெட்டிக்குள்ளயே குந்தியிருந்து அரிக்குது."

இந்தப் படலைக்கு ரெண்டு ஜப்பான்,
அடுத்த படலைக்கு அரைக்கிலோ விரால்.
தூர ஓட நான் எங்கே போக?

லண்டன் மச்சாள் படம் அனுப்பினாள்:
துருப்பிடிக்காத உருக்கு, கொலுசு மாதிரி மினுங்கியது.
ஆயுட்கால உத்தரவாதமாம்.
யாருடைய ஆயுள் என்று கேட்டேன்.
வாசித்துப் பார்த்துச் சொன்னாள்:
வாங்கினவர் வாகனத்தை வைத்திருக்கும் வரைக்கும்.
வன்னியில் ஒன்றை வைத்திருக்கும் வரைக்கும் என்றால்
எவ்வளவு காலமென்று
அந்தக் கடைக்காரனுக்கு யார் சொல்வது?

பஞ்சிகாவத்தையில் கழட்டின ஹயஸ் சைலன்சர் கிடக்குதாம்,
வெட்டி ஒட்டலாம், பூனை மாதிரிப் போகும்.
பூனை எனக்கெதற்கு?
பாலிநகரில் நான் ஹோன் அடிப்பதேயில்லை.
மூன்று ஒழுங்கைக்கு அப்பாலேயே கரகரப்பைக் கேட்டுச்
சட்டியோடு வந்து நிற்பார்கள்.
தவறஞ்சினி புளியைக் கரைத்து வைத்துவிட்டுத்தான்
படலை திறப்பாள்.

"பெட்டியே வேண்டாம் அன்ரி, நேர்க்குழாய் போடுங்கோ,
மாங்குளம் மட்டும் கேக்கும்"
என்றான் கராச்சில் பழகுகிற பெடியன்.

யோகபுரத்துத் திருப்பத்தில்,
கியரைக் குறைத்துக் காலை எடுக்கிற இடத்தில்,
வான் சிலவேளை வெடிக்கும்.
ஒரே ஒரு தரம். டப்.
அங்கே கேதீசன் வேலியோடு ஒரு கான்.
மாசியில் ஒருநாள் அதற்குள் அவன் குப்புறக் கிடந்தான்,
இரண்டு கையும் பிடரியில்.
எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு
"கீரை பிடுங்கினனான்" என்றான்.
கானில் கீரை இல்லை.
விரால் ஒன்றைச் சும்மா நீட்டினேன். வாங்கவில்லை.
அடுத்த கிழமை காசு தந்து வாங்கினான்.
ஒரு கிராமும் கூட நிறுக்கவில்லை நான்.
நிறுத்திருந்தால் அவனுக்கு விளங்கியிருக்கும்.

ஆகவே பிறேமகாந்தனிடம் கேட்டேன்:
"சத்தம் வேணும். வெடி வேண்டாம்.
அப்பிடி ஒண்டு இருக்கோ?"

அவன் சிரிக்கவில்லை. வானைத் தொடக்கச் சொல்லி,
என்ஜினோடு குழாய் பொருந்தும் இடத்தில்
உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றான்.
"வெடிக்கிறதுக்கு இதுதான் காரணம், பெட்டியில்லை.
கஸ்கட் போயிருக்கு. வெளிக்காத்தை இழுக்குது.
எரியாமல் வந்த பெற்றோல் குழாய்க்குள்ள பத்துது."

உள்ளங்கை அகலத் தகடு. எழுநூற்றைம்பது ரூபா.
இவ்வளவு நாளும் நான் பெட்டியைத் திட்டியிருக்கிறேன்.

பெட்டியை அவனே தகரம் வெட்டி ஒட்டுவதாகச் சொன்னான்.
"உள்ளுக்கு மூண்டு தடுப்பு வைச்சால் மெத்தெண்டு போகும்.
ரெண்டு வைச்சால் கொஞ்சம் கதைக்கும்."
"ரெண்டு வை."
"ரெண்டு வருசத்துக்கு மேல நிக்காது."
"நிக்குமட்டும் நிக்கட்டும்."

போகும்போது சொன்னான்,
கிழமைக்கொருக்கா எண்டாலும் தூர ஓடுங்கோ,
உள்ளே காயட்டும் என்று.

ஞாயிறு மீன்பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு
மாங்குளம் போய், கண்டி வீதியில் ஏறி,
ஒன்றும் விற்காமல், ஒருவரும் மறிக்காமல் ஓடினேன்.
பின்குழாயில் கொஞ்சநேரம் தண்ணீர் சொட்டியிருக்கும்.
திரும்பி வந்து பார்க்கையில் வாய் காய்ந்து கிடந்தது.

வரும் வழியில் யோகபுரம். காலை எடுத்தேன்.
கேதீசன் வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டு நின்றான்.
"சத்தம் மாறியிருக்கு" என்றான். "மீன் இருக்கோ?"
"இல்லை. இண்டைக்குச் சும்மா ஓடுறன்."
"சும்மாவோ" என்றான்,
கம்பியை விடாமல்.